இன்னொரு நிலா வேண்டும்: எங்கே வைக்கலாம், எவ்வளவு பெரிசாக?

வத்தல்மலை இரவு
எல்லோருக்கும் வணக்கம். செவ்வாய்க்கு இரண்டு நிலா, வியாழனுக்கும் சனிக்கும் டஜன் கணக்கில். நமக்கு ஒன்றே ஒன்று. இன்னொன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்படாதவர் யார்? ஆசையோடு நிறுத்தாமல் கணக்காகவே பேசிப் பார்க்கலாம் என்று இந்த இழை. இரண்டாவது நிலாவை எந்தத் தூரத்தில் வைத்தால் நிலைக்கும்? தர்மபுரியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? அதனால் கெடுவது என்ன? மூன்றுக்கும் பதில் வேண்டும். கதை வேண்டாம், எண்ணோடு எழுதுங்கள்.

ஓசூர்க் கணக்கு
நல்ல கேள்வி. முதலில் இடத்தைப் பார்ப்போம்.

பூமியின் இழுவை சூரியனின் இழுவையைச் சமாளித்து ஒரு பொருளைப் பிடித்து வைக்கும் எல்லைக்கு ஹில் கோளம் என்று பெயர். ஆரம் ஏறத்தாழ 15 லட்சம் கி.மீ. ஆனால் அந்த எல்லை வரைக்கும் நிலா நிற்காது. நம் நிலா சுற்றும் திசையிலேயே சுற்றுகிற பொருள் நெடுங்காலம் தங்க வேண்டுமானால் அதில் பாதிக்குள், அதாவது சுமார் 7.3 லட்சம் கி.மீ.க்குள் இருக்க வேண்டும். இது வெளி வேலி.

உள் வேலி 42,164 கி.மீ. பூமி ஒரு முறை தன்னைத்தானே சுற்றும் நேரத்தில் ஒரு சுற்று முடிகிற தூரம் அது. நம் டிவி செயற்கைக்கோள்கள் நிற்பதும் அங்கேதான். அதற்கு உள்ளே வைத்தால் நிலா பூமியை விட வேகமாகச் சுற்றும். அது கடலில் எழுப்பும் வீக்கம் அதற்குப் பின்தங்கி நின்று பின்னோக்கி இழுக்கும், நிலா கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விழும். செவ்வாயின் போபோஸுக்கு நடந்துகொண்டிருப்பது இதுதான். ஒரு சுற்றுக்கு அதற்கு 7 மணி 39 நிமிடம்தான் ஆகிறது.

இரண்டு வேலிக்கும் நடுவே 3,84,400 கி.மீ.யில் நம் நிலா உட்கார்ந்திருக்கிறது. அதன் நிறை பூமியில் 81இல் ஒரு பங்கு. துணைக்கோள் என்ற கணக்கில் இது மிகப் பெரிய ஆள், பக்கத்தில் யாரையும் விடாது. இரண்டு நிலாக்களும் ஒன்றையொன்று கலைக்காமல் இருக்க எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: பரஸ்பர ஹில் ஆரத்தைப் (இரண்டு நிலாவின் நிறையையும் சேர்த்துப் போடும் ஹில் கோள ஆரம்) போல 3.46 மடங்கு. கணக்குப் போட்டால் உட்பக்கம் சுமார் 2.17 லட்சம் கி.மீ.க்குள்ளும் வெளிப்பக்கம் 6.8 லட்சம் கி.மீ.க்கு அப்பாலும்தான் இடம். வெளிப்பக்கத்தில் 6.8க்கும் 7.3க்கும் நடுவே இருப்பது ஒரு வரப்பு அகலம்தான். அதை நம்பி வீடு கட்ட முடியாது. ஆகவே உள்ளேதான் வைக்க வேண்டும்.

ராயக்கோட்டை 12 இன்ச்
அப்படியென்றால் சரி பாதித் தூரம், 1,92,200 கி.மீ., என்று வைத்துக்கொள்வோம். விட்டமும் சரி பாதி, 1,737 கி.மீ. நம் நிலாவின் அதே பாறை, அதே அடர்த்தி. வானில் இரண்டும் ஒரே அளவாக, அரை டிகிரிக்குத் தெரியும். விட்டம் பாதி என்றால் நிறை எட்டில் ஒரு பங்கு. நம் நிலா ஒரு சுற்றுக்கு எடுக்கும் 27.32 நாளை இரண்டின் ஒன்றரை அடுக்கால் வகுத்தால் குட்டி நிலாவுக்கு 9.66 நாள்.

ஓசூர்க் கணக்கு
அளவு சரி சார். சுற்றுக் காலத்தில் ஒரு சின்னத் திருத்தம். கெப்ளர் விதியில் பூமியின் நிறை மட்டும் வராது, சுற்றும் பொருளின் நிறையும் சேர்ந்து வரும். நம் நிலா சுற்றுவது 1 + 1/81 நிறைக்கு. குட்டி நிலாவுக்கு 1 + 1/650தான். அந்த விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பெருக்கினால் 9.71 நாள். 0.05 நாள்தானே என்று விட்டுவிடாதீர்கள். அமாவாசை பௌர்ணமிக் கணக்குக்குப் போகும்போது மாதம் நாலு மணி நேரம் அளவுக்கு இடறும்.

சூரியனை வைத்துப் பார்த்தால் ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 9.98 நாள். பத்து நாள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ராயக்கோட்டை 12 இன்ச்
ஒப்புக்கொள்கிறேன். 9.71 என்றே வைத்துக்கொள்வோம்.

ஊத்தங்கரை ஆசிரியை
பத்து நாளுக்கு ஒரு பௌர்ணமி! மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி வானத்தில் என்ன நடக்கும் என்று யாராவது விரித்துச் சொல்லுங்களேன். தினமும் எத்தனை மணிக்கு உதிக்கும்?

ராயக்கோட்டை 12 இன்ச்
டீச்சர், நம் நிலா தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. குட்டி நிலா 2 மணி 40 நிமிடம் தாமதமாக உதிக்கும். இன்று மாலை 6.30க்கு முழுசாக உதித்தால் நாளை இரவு 9.10, நாளை மறுநாள் 11.50. மூன்றாவது இரவில் நடுநிசி தாண்டி இரண்டரை மணிக்குப் பிறையாக வரும். அடுத்த இரண்டு நாளில் அமாவாசை.

ஒரே இரவில் அதன் ஓட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். நட்சத்திரங்களுக்கு நடுவே மணிக்கு ஒன்றரை டிகிரி நகரும். அது தன் அகலத்தைப் போல மூன்று மடங்கு. நம் நிலா மணிக்கு அதன் அகலம் அளவே நகர்கிறது. ரோகிணிக்குப் பக்கத்தில் எட்டு மணிக்கு நின்றது பத்து மணிக்கு ஆறு நிலா அகலம் தள்ளிப் போயிருக்கும். வகுப்பில் செய்ய ஏற்ற பயிற்சி.

குட்டி நிலா பெரிய நிலாவை 15 நாளுக்கு ஒரு முறை தாண்டும். இரண்டின் பாதையும் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் மேலேயோ கீழேயோ கடந்துவிடும். எப்போதாவது நேராக முன்னால் வந்து மறைக்கும். ஒரே அளவுள்ள இரண்டு வட்டம், ஒன்று மற்றொன்றை முழுதாக மூடும். பார்க்கத்தான் கொடுத்து வைக்க வேண்டும்.

வத்தல்மலை இரவு
திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி கிரிவலம் போகிறவர்களுக்கு மாதம் மூன்று பௌர்ணமி கூடுதல். பஞ்சாங்கம் என்ன ஆகும்?

ஊத்தங்கரை ஆசிரியை
அதை நான் சொல்கிறேன். சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள கோணம் 12 டிகிரி கூடினால் ஒரு திதி. நம் நிலாவுக்கு அது ஏறத்தாழ ஒரு நாள். குட்டி நிலாவுக்கு 8 மணி நேரம். ஒரு நாளில் மூன்று திதி ஓடும். சூரிய உதயத்தின்போது எந்தத் திதி இருக்கிறதோ அதுதான் அந்த நாளின் திதி என்று இன்று வைத்திருக்கிறோம். இங்கே மூன்றில் இரண்டு திதிகள் சூரிய உதயத்தைத் தொடவே தொடாது. அந்த விதியை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. நட்சத்திரமும் அப்படித்தான், 27 நட்சத்திரத்தை 9.71 நாளில் கடக்க வேண்டும், ஒன்றுக்கு 8 மணி 38 நிமிடம்.

மாதத்துக்கும் நிலவுக்கும் திங்கள் என்ற ஒரே சொல்லை வைத்த மொழி நம்முடையது. இரண்டு நிலா இருந்திருந்தால் அந்தச் சொல் எந்த நிலாவோடு போயிருக்கும் என்று யோசிக்க வைக்கிறது.

மாந்தோப்பு காவேரிப்பட்டணம்
வெளிச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நிலக்கடலைக்குச் சிவப்புக் கம்பளிப்புழு வருகிற ஊர்களுக்கு இது முக்கியம். கோடை மழை விழுந்ததும் மண்ணுக்குள் இருந்து தாய் அந்துப்பூச்சி கிளம்பும். முட்டை வைப்பதற்கு முன் முன்னிரவில் விளக்குப் பொறி வைத்துப் பிடிப்பதுதான் வழி. விளக்குக்குக் கீழே அகலமான தட்டில் தண்ணீர், அதன்மேல் கொஞ்சம் மண்ணெண்ணெய். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பொறியில் விழும் பூச்சி குறைந்துவிடும். சுற்றிலும் நிலவொளி இருக்கும்போது விளக்கு தனியாக எடுபடாது, அது இழுக்கும் வட்டம் சுருங்கும். இரண்டு நிலா என்றால் இருட்டான முன்னிரவு எத்தனை மிஞ்சும்?

ஓசூர்க் கணக்கு
அண்ணே, மாலை 7 மணிக்குள் மறைந்துவிட வேண்டும், இல்லையென்றால் இரவு 10 மணிக்குப் பிறகே உதிக்க வேண்டும், இதுதான் நிபந்தனை என்று வைத்துக் கணக்கிட்டேன். இப்போது ஒரு சந்திர மாதத்தில் சுமார் 11 இரவு கிடைக்கிறது. குட்டி நிலாவையும் சேர்த்தால் சராசரி 4 இரவு. மழை எப்போது வரும் என்று தெரியாத ஊரில் நாலு இரவு என்பது கையைக் கட்டிப் போட்டது போலத்தான்.

ஆனால் அந்த நாலு இரவும் சீராக வராது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்று எண்ணினால் குட்டி நிலாவின் மூன்று சுற்று 29.9 நாள், பெரிய நிலாவின் ஒரு சுற்று 29.5 நாள். கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. இந்த மாதம் இரண்டும் ஒரே நாளில் பௌர்ணமி என்றால் அடுத்த மாதமும் ஏறக்குறைய அப்படித்தான், 0.4 நாள் தள்ளிப்போகும். ஒரு வருடத்தில் பெரிய பௌர்ணமியன்று குட்டி நிலா அமாவாசையில் இருக்கும். இன்னொரு வருடத்தில் திரும்ப ஒன்று சேரும்.

ராயக்கோட்டை 12 இன்ச்
ஒளியின் அளவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உச்சியில் நிற்கும் முழு நிலா தருவது கால் லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுதான். அரை நிலா அதில் பாதி தராது, பத்தில் ஒரு பங்குதான் தரும். பக்கவாட்டு வெயிலில் பள்ளமும் மேடும் நிழல் போடுவதாலும், நேர் எதிர் வெயிலில் நிலா மண் கூடுதலாகப் பிரகாசிப்பதாலும் அப்படி. ஆகவே இரண்டு நிலாவும் வானில் இருந்தாலும் இரண்டும் முழுசாக இருக்கும் இரவுகள்தான் உண்மையில் வெளிச்சமானவை.

அஞ்செட்டி பரண்
ராகிக் கதிர் முற்றும் நாட்களில் யானைக் காவலுக்குப் பரணில் இருப்பவர்களுக்கு அரை லக்ஸ் என்றாலும் பெரிய உதவி. வரப்பில் அசைவது என்ன என்று தெரியும். மாந்தோப்பு அண்ணனுக்கு இழப்பு, எங்கள் பக்கத்துக்கு லாபம்.

கேட்க வந்தது வேறு. கடல் பொங்கும் என்கிறார்களே, கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் ஏறி இறங்குமா?

ஓசூர்க் கணக்கு
அணையில் எதுவும் தெரியாது. ஓதம் (கடல் ஏறி இறங்குவது) என்பது நிலா நீரை நேராகத் தூக்குவதில்லை. பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு அளவில் இழுக்கப்படுவதால் ஆயிரக்கணக்கான கி.மீ. அகலக் கடலில் நீர் பக்கவாட்டில் ஓடிக் குவிவது. சில கி.மீ. அகல அணையில் குவிய இடமே இல்லை. கிருஷ்ணகிரிப் பாறைத் தரையே இப்போதும் தினம் இரண்டு முறை சில பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது, அணையும் நாமும் சேர்ந்தே ஏறுவதால் தெரிவதில்லை.

கடற்கரையில் தெரியும். இங்கே அழகான ஒரு விஷயம். ஓதத்தின் பலம் நிறைக்கு நேர், தூரத்தின் மும்மடிக்குத் தலைகீழ். இதை மாற்றி எழுதினால் பொருளின் அடர்த்தியை வானில் தெரியும் அகலத்தின் மும்மடியால் பெருக்கினால் போதும் என்று வரும். தூரமே வேண்டாம்! சூரியனும் நிலாவும் ஏறத்தாழ ஒரே அகலம். சூரியனின் அடர்த்தி 1.41, நிலாவின் அடர்த்தி 3.34. அதனால்தான் சூரிய ஓதம் நிலா ஓதத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு, 0.46. நம் குட்டி நிலா அதே அகலம், அதே அடர்த்தி. எனவே அதே ஓதம். மூன்றும் ஒரே வரிசையில் வந்தால் 1 + 1 + 0.46. இன்றைய அமாவாசை ஓதம் 1.46. ஆக 1.7 மடங்கு. சென்னையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டர் சுமார்தான், சமாளிக்கலாம். குஜராத்தின் பாவ்நகர் பக்கம் இப்போதே 10 மீட்டர். அங்கே 17 மீட்டரை நினைத்துப் பாருங்கள்.

ஓதத்தில் இன்னொரு சிக்கல். நம் நிலா வருடம் 3.8 செ.மீ. விலகிப் போகிறது. அப்பல்லோ 11, 14, 15 பயணங்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசரை அடித்து அளந்தது. விலகும் வேகம் நிறைக்கு நேர், தூரத்தின் ஐந்தரை அடுக்குக்குத் தலைகீழ். எட்டில் ஒரு பங்கு நிறை, பாதித் தூரம் என்று போட்டால் குட்டி நிலா வருடம் 21 செ.மீ. விலகும். பெரியதை விட ஐந்து மடங்குக்கு மேல் வேகமாக அதை நோக்கிப் போகிறது. 2.17 லட்சம் வேலியைத் தொட 15 முதல் 20 கோடி ஆண்டு. அதற்குப் பிறகு மோதல், அல்லது ஒன்று தூக்கி எறியப்படும். 450 கோடி ஆண்டுப் பூமிக்கு இது ரொம்பக் குறைவு. ஆதியில் இன்னும் சில நிலாக்கள் இருந்திருந்தாலும் இப்போது மிஞ்சாமல் போனதற்கு இதுவே போதுமான காரணம்.

வத்தல்மலை இரவு
நம் நிலாவின் பாதையிலேயே, 60 டிகிரி முன்னால் வைத்தால்? நாலு மணி நேரம் தாமதமாக உதித்து, அதே வேகத்தில் போகும். மோதாதே.

ராயக்கோட்டை 12 இன்ச்
அந்தப் புள்ளி நிலையாக இருக்க பெரியதும் சிறியதும் 25 மடங்குக்கு மேல் வித்தியாசப்பட வேண்டும். பூமி–நிலா 81 மடங்கு, எனவே தாளில் தேறுகிறது. சூரியன் கெடுத்துவிடும். நிலாவைச் சூரியன் இழுக்கும் விசை பூமி இழுப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் புள்ளியில் உள்ளது பெரிய வட்டமடித்து அலைந்து நாளடைவில் நழுவும்.

இப்படி ஒன்று முன்பு இருந்திருக்கலாம் என்று 2011இல் யூட்ஸி, ஆஸ்பாக் என்ற விஞ்ஞானிகள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். நிலாவின் மூன்றில் ஒரு பங்கு விட்டமுள்ள துணை அந்த இடத்தில் இருந்து, பிறகு மெதுவாக நிலாவின் மறுபக்கத்தில் மோதி அப்பிக்கொண்டது, அங்கே மேட்டுநிலம் தடிப்பாக இருப்பதற்கு அது காரணம் என்று. நிரூபணம் ஆகவில்லை, ஆனால் கணக்கு இடம் கொடுக்கிறது.

ஊத்தங்கரை ஆசிரியை
2024இல் பூமிக்கு இரண்டாவது நிலா என்று செய்தி வந்ததே, அதையும் மாணவர்கள் கேட்பார்கள்.

ராயக்கோட்டை 12 இன்ச்
2024 பிடி5. பத்து மீட்டர் சுமார் பாறை. ஆகஸ்ட் 7 அன்று தென்னாப்பிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியில் சிக்கியது. செப்டம்பர் 29 முதல் நவம்பர் 25 வரை பூமியோடு ஒட்டி நடந்துவிட்டுப் போய்விட்டது, ஒரு முழுச் சுற்றுக்கூடப் போடவில்லை. 2006 ஆர்எச்120 உண்மையிலேயே சில சுற்றுகள் போட்டது. எதுவும் வெறும் கண்ணுக்கோ வீட்டுத் தொலைநோக்கிக்கோ எட்டாது. காமோஒலேவா போன்ற சிறுகோள்கள் சூரியனைத்தான் சுற்றுகின்றன, பூமியோடு கூட ஓடுவதால் நிலா போலத் தோன்றும். சீனாவின் தியான்வென்-2 கலம் 2025 மே மாதம் அதை நோக்கித்தான் கிளம்பியது.

நம் பக்கத்து ஜவ்வாது மலை காவலூரில் 1988இல் 4130 ராமானுஜன் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுவது. பூமியின் துணை என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அஞ்செட்டி பரண்
நிலாவுக்கு ஒரு நிலா வைத்தால்?

ஓசூர்க் கணக்கு
பத்து கி.மீ. அளவில் வைக்கலாம் என்று 2019இல் கோல்மயர், ரேமண்ட் என்ற வானியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆனால் கண்ணுக்கு ஒரு புள்ளிதான். தாழ்வான பாதையில் வைக்கவே கூடாது. நிலாவுக்கு உள்ளே நிறை சீராக இல்லை. அப்பல்லோ 16 விட்டுவந்த சின்னத் துணைக்கோள் 1972இல் 35 நாளில் தரையில் மோதியது.

மாந்தோப்பு காவேரிப்பட்டணம்
எல்லாவற்றையும் படித்தேன். ஆசை போகவில்லை, ஆனால் அளவு பெரிது என்று படுகிறது. குறைத்தால் என்ன?

ஓசூர்க் கணக்கு
அண்ணே, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அதே 1,92,200 கி.மீ.யில் நிறையை மட்டும் நூறில் ஒரு பங்காக்குங்கள். ஓதம் நூறில் ஒரு பங்கு, பாவ்நகர் பிழைத்தது. விலகும் வேகமும் நூறில் ஒரு பங்கு, 15 கோடி ஆண்டு 1,500 கோடியாகும். சூரியனின் ஆயுளே அதற்குள் முடிந்துவிடும்.

விட்டம் 1,737ஐ 4.64ஆல் வகுக்க, 375 கி.மீ. வானில் நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். வெளிச்சம் நிலாவில் 21இல் ஒரு பங்கு. மாந்தோப்பு அண்ணனின் விளக்குப் பொறிக்கு இடைஞ்சல் மிகக் குறைவு. அப்போதும் உச்சப் பிரகாசத்தில் உள்ள வெள்ளியைப் போல 80 மடங்கு மின்னும்.

ராயக்கோட்டை 12 இன்ச்
வெறும் கண்ணுக்குப் புள்ளியாக இல்லாமல் ஒரு சின்னத் தட்டாகத் தெரியும், ஏழு கலை (ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு ஒரு கலை) அகலம். 10x50 பைனாகுலரில் பிறை தெளிவாக இருக்கும். ஒரு திருத்தம்: அது உருண்டையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாறைப் பொருள் தன் எடையாலேயே உருண்டையாவதற்கு 375 கி.மீ. பற்றாது. 525 கி.மீ. வெஸ்டாவே முழு உருண்டை இல்லை. உருளைக்கிழங்கு வடிவம்தான். அது நல்லதுதான், ஒரே பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும்போது விளிம்பு கோணலாக இருப்பதைப் பைனாகுலரில் பார்க்கலாம்.

கிரகணமும் மிச்சம். 1,92,200 கி.மீ.யில் பூமியின் நிழல் 11,000 கி.மீ. அகலம். பாதை 5 டிகிரி சாய்ந்திருந்தாலும் வருடத்துக்கு எட்டு முறை நிழலில் நுழையும். பாதி நம் பக்கத்து இரவில் விழும்.

வத்தல்மலை இரவு
375 கி.மீ. எனக்குப் போதும். இதை வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியுமா? நிரல் எழுதத் தெரியாதவர்களும் செய்கிற மாதிரி.

ஓசூர்க் கணக்கு
லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் போதும். சூரியன், பூமி, நிலா, குட்டி நிலா நாலுக்கும் எக்ஸ், ஒய் இடமும் வேகமும், மொத்தம் 16 நெடுவரிசை. முடுக்கத்துக்கு இன்னும் 8. ஒரு வரிசை 30 நிமிடம், அதாவது 1,800 விநாடி. தாளில் உள்ள 10,48,576 வரிசைக்கு 60 வருடம் ஓடும், ஆனால் ஒரு வருடத்துக்கு 17,532 வரிசையோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் கணினி திணறும்.

எல்லாம் கி.மீ., விநாடியில். ஈர்ப்பு எண் (ஈர்ப்பு மாறிலி × நிறை): பூமி 3,98,600. நிலா 4,903. குட்டி நிலா 6.1. சூரியன் 13,271 கோடி. பூமி சூரியனிலிருந்து 14.96 கோடி கி.மீ., வேகம் 29.78. பூமியை வைத்து நிலாவின் வேகம் 1.0246, குட்டி நிலாவுக்கு 1.440.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. பழைய வேகத்தை வைத்துப் புது இடத்தைப் போட்டு, பழைய இடத்தை வைத்துப் புது வேகத்தைப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் கூடி நிலா வெளியே போய்க்கொண்டே இருக்கும். பாதி அடி (15 நிமிடம்) வேகத்தை மாற்றி, முழு அடி (30 நிமிடம்) இடத்தை நகர்த்தி, புது இடத்தில் முடுக்கம் கண்டு, மீதிப் பாதி வேகத்தை மாற்றுங்கள்.

இரண்டாவது, பூமிக்கு எதிர்வேகம் கொடுக்க மறப்பது. நிலாவுக்கு மட்டும் வேகம் கொடுத்தால் பூமி–நிலாக் கூட்டம் முழுதும் விநாடிக்கு 12 மீட்டர், நாளைக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் கூடுதலாக நகரும். வருட முடிவில் சூரியனைச் சுற்றும் பாதையே மாறியிருக்கும். நிலாவின் வேகத்தை 82.3ஆல் வகுத்து பூமியின் வேகத்திலிருந்து கழியுங்கள். நிலாக்களுக்கு முன்பு சொன்ன வேகங்களை இந்தப் புது வேகத்தின்மேல் கூட்டுங்கள்.

மூன்றாவது, பூமியை அசையாமல் நிறுத்திவிட்டுச் சூரியனின் இழுவையை நிலாவுக்கு மட்டும் கொடுப்பது. முதல் மாதத்திலேயே நிலா ஓடிவிடும்.

முதலில் குட்டி நிலா இல்லாமல் ஓட்டி, ஒரு சுற்றுக்கு 27 நாள் சுமார் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் குட்டி நிலாவை 1,92,200இல் சேருங்கள். பிறகு அதையே 3,00,000இல், வேகம் 1.153 கொடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அது பெரிய நிலாவைக் கடக்கும். முதல் இரண்டு மூன்று சந்திப்பிலேயே தூர நெடுவரிசை குதிக்க ஆரம்பிக்கும்.